ஐந்தாம் படத்தை விட்டுவிடலாம்

தேர்வு பதினொரு மணிக்கு. அக்கா ஆறு மணிக்கே எழுந்து பல் தேய்த்தாள். ஏழு மணிக்கு மறுபடியும் தேய்த்தாள்.

"ஏற்கெனவே தேய்ச்சாச்சு," என்றேன்.

"தெரியும்டி. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அக்காவுக்குப் பல்தான் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல்லும் பல்மூடியும் செய்து கொடுக்கும் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். அங்கேதான் எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் குரல்காரர் வந்தார். வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பவர். முன்பல் ஒன்று உடைந்து, அதற்குப் பதில் வைத்த பல்லில் 'ச' வரும்போதெல்லாம் மைக்கில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அந்த ஒரு பல்லை நான்கு முறை செய்தாள். நான்காவது பல்லில் விசில் நின்றது. அவர் வருவது நிற்கவில்லை. அந்தக் கதையை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் விவரமாகவே எழுதிவிட்டேன். தேவைக்கு மேல் எழுதிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.

இப்போது பாக்கி இருப்பது ஒரே ஒரு சம்மதம். அது அவருடைய மகளின் சம்மதம்.

மகளுக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா தயங்கித் தயங்கி அக்காவைப் பற்றிச் சொன்னபோது அவள் அழவில்லை, கோபப்படவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"நம்ம வீட்டுக்கு வர்றவங்க 'கடைசி முட்டை' ஏழு படத்தையும் பார்த்திருக்கணும். நான் முப்பது கேள்வி கேப்பேன். இருபத்தஞ்சு சரியாச் சொல்லணும்."

'கடைசி முட்டை' என்பது இருபத்தெட்டு வருடமாக வந்துகொண்டிருக்கும் டைனோசர் படவரிசை. அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அக்கா சிரிக்கவில்லை.

"அவ வீட்டுக்குள்ள போகப்போறது நான். கதவைத் தட்டிட்டுப் போறதுதான் முறை," என்றாள்.

சுவரில் பல்லி ஓடினாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற அக்கா சொன்னது இது.

அதனால்தான் எந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அக்காவுக்கு ஒரு கையேடு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பகலில் பார்சல் நிலையத்தில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறேன். மாலையில் நூலகவியல் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் என்னைப் 'பட்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்குப் போனாலும் பொருள்களைக் கடையில் இருக்கும் வரிசைப்படி எழுதி எடுத்துப்போகிறவளுக்கு வேறு பெயர் பொருந்தாது.

முதல் சிக்கல் வரிசை. மூன்றாவதாக வந்த படம், கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது. அதில் மனிதர்களே கிடையாது. முட்டை போட்ட தாயின் கதை. அதை முதலில் பார்ப்பதா, மூன்றாவதாகப் பார்ப்பதா? இரண்டு நாள் யோசித்தேன். தாயை முதலிலேயே பார்த்துவிட்டால், முதல் படத்தில் முட்டை அசையும்போது வரவேண்டிய திடுக்கிடல் வராது. ஆகவே வெளிவந்த வரிசையே சரி என்று பென்சிலால் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

கையேடு இப்படிப் போனது:

"முதல் படம், கட்டாயம். மலையைக் குடைந்து பாதை போடுகிறவர்களுக்கு முட்டை கிடைக்கிறது. அது பொரியும் காட்சியில் கண்ணை மூட வேண்டாம், குட்டி அழகாகத்தான் இருக்கிறது. நாற்பத்தோராம் நிமிடத்தில் மூடிக்கொள்ளலாம்."

"இரண்டு, கட்டாயம். குட்டி வளர்ந்து ஊருக்குள் வருகிறது. பொறியாளர் அம்மா கைவிளக்கை அணைக்கும் இடத்தைக் கவனிக்கவும். ஏழாம் படத்தில் தேவைப்படும்."

"நான்கு. கப்பல். துணி மடித்துக்கொண்டே பார்த்தாலும் புரியும்."

"ஆறு. பழைய நடிகர்கள் யாரும் இல்லை, கதையை முதலிலிருந்து வேறு மாதிரி சொல்கிறார்கள். குழம்ப வேண்டாம், தவறு உன் மேல் இல்லை."

இடையில் ஐந்தாவதற்கு நான் எழுதியது இது: "விட்டுவிடலாம். முழுப் படமும் ஒரு ரயில் நிலையத்தில் நடக்கிறது. டைனோசர் வருவது கடைசிப் பத்து நிமிடம். கதைக்கு இழப்பில்லை."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆறையும் பார்த்துத்தான் எழுதினேன். ஐந்தாவதை நான் பார்க்கவில்லை. இணையத்தில் பதினொரு பேர் எழுதிய கருத்துகளைப் படித்தேன். ஒன்பது பேர் 'நேர விரயம்' என்றார்கள். அக்கா வேலை முடிந்து வந்து கண் சிவக்கச் சிவக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் மிச்சமாகட்டும் என்று நினைத்தேன்.

அவளோடு உட்கார்ந்து பார்த்த இன்னொருவர் அம்மா. அம்மா பஸ் கண்டக்டர். எந்தப் படம் என்றாலும் தலை எண்ணுவார்.

"இந்தக் கப்பல்ல நாப்பது பேர் ஏறினாங்க. இறங்கினது ஒன்பது. மிச்சம் எங்க?"

"சாப்பிட்டுருச்சும்மா."

"டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சு வந்தானே ஒருத்தன், அவன் மட்டும் தப்பிச்சுட்டான் பார்த்தியா. எல்லா ஊர்லயும் இதே கதைதான்."

இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. முப்பது கேள்வியில் ஐந்தாவதிலிருந்தும் கேட்டால்? அவசரமாக இணையத்தில் கதைச்சுருக்கம் தேடி, ஒரு சின்னத் தாளில் பொடி எழுத்தில் எழுதி, அக்காவின் சட்டைப்பையில் திணித்தேன்.

"என்னடி இது?"

"அஞ்சாவது. எதுக்கும் இருக்கட்டும்."

அக்கா தாளைப் பையிலேயே விட்டுவிட்டாள். எடுத்துப் படிக்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. கதவைத் திறந்த அம்மா, "வாங்க வாங்க, உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க, பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடுங்க," என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி யாரும் இல்லையே."

"பழக்க தோஷம்மா."

கழுத்தளவு முடி. தோளில் பை. கையில் ரப்பர் வளையம் போட்ட நோட்டு. அவள் சிரித்தபோது வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். குரல்காரர் அவளை 'சென்சார் மேடம்' என்று கூப்பிடுவார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பெயருக்குத் தகுந்த மாதிரி, சாப்பாட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அக்கா எங்கே உட்கார வேண்டும் என்று காட்டினாள்.

"அப்பா, நீங்க சமையல்கட்டுல இருங்க. அவங்களுக்கு ஜாடை காட்டுவீங்க."

"நானா?"

"உங்களுக்கு முகத்தை வெச்சுக்கத் தெரியாதுப்பா. குரல் மட்டும்தான் உங்களுக்கு."

அவர் போய் அம்மாவோடு முட்டை உரிக்க நின்றார். மகள் என்னைப் பார்த்து, "நீங்கதான் பட்டியல் அக்காவா? இருக்கலாம். பேசக்கூடாது," என்றாள்.

முதல் கேள்வி: "முட்டை மேல எத்தனை புள்ளி?"

"பதினேழு," என்றாள் அக்கா. "பதினெட்டாவதா ஒண்ணு தெரியும், அது சேறு. தொழிலாளி துடைச்சதும் போயிடும்."

சென்சார் மேடம் நோட்டில் சரிக்குறி போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கேள்விகள் வேகமாக வந்தன. யார் முதலில் ஓடினார்கள், எந்தக் கையில் விளக்கு, கப்பலில் பூட்டாத கதவு எது. அக்கா நிதானமாகச் சொன்னாள். ஒரு கேள்வியைத் தவறவிட்டாள். நான் கையேட்டில் சுட்டிக்காட்டிய இடங்களிலிருந்து வந்தவை நாலைந்துதான். மற்றதெல்லாம் அவளாகவே கவனித்துப் பார்த்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"மூணாவது படம். போகும்போது அம்மா டைனோசர் ஏன் திரும்பிப் பார்த்துச்சு?"

"அதுக்கு ஒரு பல்லு விழுந்துடுச்சு. கீழ்த்தாடையில, இடது பக்கம். அதைப் பார்த்துச்சு."

"இல்ல. முட்டையைப் பார்த்துச்சு."

"அப்படியும் இருக்கலாம். ஆனா கண்ணு முட்டைக்கு இடது பக்கமாத்தான் போச்சு. அங்கதான் பல்லு கிடந்துச்சு."

சென்சார் மேடம் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "அரை மார்க்."

"சரி."

"உங்களுக்கு அதைப் பார்த்தா பயமா இல்லையா?"

"முதல் படத்துல இருந்துச்சு. அப்புறம் வாயைத் திறந்து காட்டுச்சு. அந்தப் பல்லு எல்லாம் இலை தின்னற பல்லு. அதை வெச்சு மனுஷனைக் கடிச்சா மூணு நாள்ல ஒண்ணுகூட மிஞ்சாது. அதுக்கப்புறம் எனக்கு அது மேல பாவமாத்தான் இருந்துச்சு."

அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சமையல்கட்டிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. "அப்பா," என்றாள் கண்டிப்பாக. சிரிப்பு நின்றது.

பதினேழு கேள்வி முடிந்தபோது அக்காவின் கணக்கில் பதினைந்தரை. நான் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பதினெட்டாவது கேள்வி. அஞ்சாவது படம்."

என் விரல் நின்றது.

"மூணாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி எங்க மாறி வந்துச்சு?"

ஏழாவது நடைமேடை. அந்தத் தாளில் இரண்டாவது வரியில் எழுதியிருந்தேன். நான் என் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கை பைக்குள் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"அஞ்சாவது படம் நான் பார்க்கல," என்றாள்.

சென்சார் மேடம் பேனாவை மேசைமேல் வைத்தாள். "ஏன்?"

"நேரம் இல்லன்னு விட்டுட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. "அவ விடல. நான்தான் 'விட்டுவிடலாம்'னு எழுதிக் கொடுத்தேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"பார்க்காம எப்படி எழுதினீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினொரு பேர், ஒன்பது பேர் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லக் கேவலமாக இருந்தது.

அவள் நோட்டை மூடி ரப்பர் வளையத்தை மாட்டினாள். அது 'பட்' என்று அடித்தது.

"அப்பா. போலாம்."

குரல்காரர் பாதி உரித்த முட்டையோடு வந்து நின்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். "அஞ்சாவதா?" என்றார் மெதுவாக. "நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். சொன்னா அது தேர்வே இல்ல."

அக்கா எழுந்துகொள்ளவில்லை. நான்கு வாரம் கண் விழித்தது, காலையில் இரண்டு முறை பல் தேய்த்தது, எல்லாம் வீணாகி, அவள் தட்டிய கதவு மூடுகிற நேரம். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தப் படம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம்."

"உன்கிட்ட இருக்கா?"

சென்சார் மேடம் பையைக் கையால் அழுத்திப் பிடித்தாள். இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"மார்க் வேண்டாம்," என்றாள் அக்கா. "அது போனது போனதுதான். ஆனா அந்த வண்டி எங்க வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். நீ கூட இருந்து காட்டினா நல்லா இருக்கும்."

அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு பையைத் திறந்து பென்டிரைவை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"சாப்பாடு?" என்றார் அம்மா சமையல்கட்டிலிருந்து.

"தட்டோட வாங்க பாட்டி. மடியில வெச்சுக்கலாம்."

"பாட்டியா? நான் இன்னும் பணியில இருக்கேன்," என்றார் அம்மா. ஆனாலும் தட்டோடு வந்தார்.

படம் தொடங்கியது. பெரிய ரயில் நிலையம். வண்டிகள் நின்றுபோய் ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கேயோ அது வந்துகொண்டிருக்கிறது என்று வதந்தி. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒருவர் பெட்டியை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். வரிசையில் சண்டை வருகிறது, சமாதானம் ஆகிறது.

அம்மா பத்தாவது நிமிடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதுதான் படம். இவ்வளவு நாளும் எனக்குக் காட்டினது என்ன?"

சுமை தூக்கும் ஒருவர் வந்தார். "வழி விடுங்க, வழி விடுங்க, பெட்டி கனம்," என்றார். பழக்கமான குரல்.

அக்கா திரும்பிக் குரல்காரரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு மூணே வசனம்," என்றாள் மகள். "கடைசி வசனம் வெறும் அலறல். பொறுங்க."

அந்த ஒன்பது பேர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர்களை நம்பிய என் மேல் இன்னும் அதிகம். படம் அருமையாக இருந்தது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம். நிலையத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண்குரல் வந்தது. அவசரமே இல்லாத, தெளிவான குரல்.

"பயணிகளின் கவனத்துக்கு. மூன்றாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி ஏழாம் நடைமேடைக்கு வந்து சேரும். சிரமத்துக்கு வருந்துகிறோம். சிறுவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

சென்சார் மேடத்தின் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தன. ஒரு எழுத்துகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. குரல்காரரின் கை சாப்பிடாமல் நின்றிருந்தது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"அதை இன்னொரு தடவை போடலாமா?" என்றாள்.

"எதை?"

"அந்த அறிவிப்பை. 'சிரமத்துக்கு'ன்னு சொன்னப்ப ஒண்ணு கேட்டுச்சு. சரியாத்தான் கேட்டேனான்னு பார்க்கணும்."

சென்சார் மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னால் ஓட்டிப் போட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தடவை." மூன்றாவது முறையும் கேட்டாள்.

"இவங்களுக்கு மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு," என்றாள். "ஒரு மில்லிமீட்டர். ஒண்ணேகால்கூட இருக்கும். காத்து அது வழியாப் போகுது. அதனாலதான் அந்த 'ச' அவ்வளவு மெல்லிசா, அழகா வருது. ஆனா விசில் இல்ல. உங்க அப்பாவுக்கு விசிலை நிறுத்த நான் நாலு பல்லு செஞ்சேன். இவங்க ஒரு பல்லும் மாத்தாம எப்படி நிறுத்தினாங்கன்னுதான் தெரியல."

சென்சார் மேடம் திரையை விட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நாக்கை," என்றாள் அந்தப் பெண். "நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி வெச்சுக்குவாங்க. அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"எப்படி? காட்டு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அக்காவுக்கு எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே அதே இடைவெளி. இவ்வளவு நேரம் கையால் மறைத்து வைத்திருந்தது அதைத்தான்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்றாள்.

அக்கா குனிந்து, தொழில் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். "இன்னொரு தடவை. மெதுவா."

"சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"அடேயப்பா," என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அவள் நல்ல பல்வரிசைக்கு மட்டும்தான் சொல்வாள். "ஒன்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். எனக்கு யாரும் இதைச் சொல்லல."

"இதை அடைக்கணும்னு பள்ளிக்கூடத்துல பல் பார்க்க வந்தவர் சொன்னார்."

"அடைக்கறதும் விடறதும் உன் இஷ்டம். அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் அடைக்க மாட்டேன்."

அக்கா தானும் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அம்மா சொல்லிப் பார்த்தார். அம்மாவின் குரலில் அது "எல்லாரும் உள்ள தள்ளிப் போங்க" என்பதைப் போல ஒலித்தது. நான் சொன்னதை எழுதாமல் விடுகிறேன். கடைசியில் குரல்காரரும் சொன்னார். அவருடைய 'ச' சுத்தமாக வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மகள் சொன்ன மாதிரி, அவருக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"நானும் இந்தப் படத்துல இருக்கேன்," என்றாள் அவள் எல்லோரையும் பார்த்து. "அம்மா இதைப் பேசினப்ப நான் வயித்துல இருந்தேன்."

"உனக்கு எத்தனை வசனம்?" என்றார் அம்மா.

அவள் சிரித்தாள். பல் தெரிய, கையைத் தூக்காமல் சிரித்தாள்.

மிச்சப் படத்தைப் பார்த்தோம். கடைசிப் பத்து நிமிடத்தில் டைனோசர் ஏழாம் நடைமேடைக்கு வந்தது. சுமை தூக்குபவர் அலறினார். நாங்கள் கை தட்டினோம். குரல்காரர் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்.

"அந்தப் பெட்டி யாரோடது?" என்றார் அம்மா. "அவனை விழுங்கிடுச்சு சரி. பெட்டிக்கு யார் பொறுப்பு?"

மணி இரண்டரை. சென்சார் மேடம் மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். எங்கள் எல்லோருக்கும் அது மறந்தே போயிருந்தது. அக்கா மட்டும் போய் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"பதினேழு கேள்விக்குப் பதினஞ்சரை. மிச்சம் பதிமூணு. அதுல அஞ்சாவது படத்துக்கு அஞ்சு கேள்வி. அது போச்சு. மத்த எட்டும் சரியாச் சொன்னாலும் இருபத்து மூணரைதான் வருது."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"ஃபெயில்," என்றாள்.

"டேய்," என்றார் அவர்.

"விதின்னா விதிதான்ப்பா."

"சரியான முடிவு," என்றாள் அக்கா. அவள் குரல் ஒரு துளி இறங்கியது. ஆனாலும் முகம் கோணவில்லை.

"மறுதேர்வு உண்டு," என்றாள் சென்சார் மேடம், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா நீங்க தனியாப் பார்த்தது எதுவும் செல்லாது. முதல் படத்துல இருந்து என்கூட உக்காந்து பார்க்கணும். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏழு ஞாயிறா?"

"ஆறு. அஞ்சாவது இன்னிக்கு ஆயிடுச்சு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. அக்கா மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

"அந்த மூணாவது படத்துல," என்றாள் அந்தப் பெண், "பல்லு விழுந்த இடத்தை எனக்குக் காட்டணும். நான் கவனிக்கல."

"காட்டறேன்."

"பட்டியல் அக்காவும் வரலாம். ஆனா இனிமே பார்க்காம எழுதக்கூடாது."

"எழுத மாட்டேன்," என்றேன்.

அவள் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவளாக நிமிர்ந்தாள். "ஆனா நாம முடிக்கறதுக்குள்ள எட்டாவது வந்துடும். இன்னிக்குக் காலையிலதான் தேதி சொன்னாங்க. அடுத்த மாசம் இருபது, வெள்ளிக்கிழமை. முதல் காட்சி காலை பத்து மணி. நான் எப்பவும் முதல் காட்சிதான்."

அவள் விரலை நீட்டி எண்ணினாள். அப்பா, அக்கா, நான், சமையல்கட்டு வாசலில் வந்து நின்ற அம்மா, கடைசியில் தன் நெஞ்சு.

"அப்பா, அஞ்சு டிக்கெட் போடுங்க."

குரல்காரர் போனை எடுத்தார். தேதியைத் தட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் இருபது, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. திருமணப் பதிவு அலுவலகத்தில் அக்கா, குரல்காரர் இருவருடைய பெயரும் அந்த நேரத்துக்குத்தான் இருக்கிறது. மகள் சம்மதித்தால் மட்டும் என்று சொல்லிக்கொண்டு, ஆறு வாரம் அலைந்து வாங்கிய நேரம். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூட.

"என்னப்பா? போடுங்க. தீர்ந்துடும்."

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அஞ்சும் ஒரே வரிசையில கிடைக்குமான்னு பாருங்க," என்றாள்.